கொன்பிரா-சான்: பயணக் காவல் தேடி 785 படி ஏறுகிறவர்களின் கேள்விகள்

ஜப்பானின் ஷிகோக்கு தீவில், ககாவா மாகாணத்தில் இருக்கிறது கொட்டோஹிரா என்ற சிற்றூர். அதை ஒட்டிய ஜோஸு மலையின் சரிவில் அமைந்த ஷிண்டோ (ஜப்பானின் பூர்விக மதம்) கோயிலின் முறையான பெயர் கொட்டோஹிரா-கூ. ஊரார் அன்போடு அழைப்பது கொன்பிரா-சான். கப்பலில் போகிறவர்களும் அவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தாரும் பல நூற்றாண்டுகளாக வேண்டிக்கொள்ளும் இடம் இது. ஜப்பானில் வேலை பார்க்கும் தமிழர்களும் சுற்றுலா செல்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

மலைமேல் இருக்கும் கோயில் மாலுமிகளுடையது ஆனது எப்படி?

மலையே காரணம். கோயிலுக்கு வடக்கே செட்டோ உள்நாட்டுக் கடல். பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் தீவுகளும் நீரோட்டங்களும் நிறைந்த அந்தக் கடலில் திசை பிடிக்க மலைகள்தான் குறி. யானைத் தலை போன்ற வடிவத்தால் பெயர் பெற்ற ஜோஸு மலை கடலிலிருந்து தெரியும். வழிகாட்டிய மலையின் தெய்வம் வழிக்குக் காவலாகவும் ஆனது. எடோ காலத்தில் (1603–1868) ஒசாக்காவுக்கும் வட ஜப்பானுக்கும் இடையே சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல்காரர்கள் இந்த வழிபாட்டைத் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோனார்கள். சாதாரண மக்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது போக ஆசைப்பட்ட யாத்திரைகளில் இசே கோயிலுக்கு அடுத்ததாக இது பேசப்பட்டது. மருகாமே, தடோட்சு துறைமுகங்களில் இறங்கி நடந்து வரும் பாதைகளையும் சேர்த்து ஐந்து கொன்பிரா சாலைகள் இருந்தன.

இங்கே இருக்கும் தெய்வம் யார்?

இப்போது மூலஸ்தானத்தில் வழிபடப்படுவது ஓமோனோநுஷி என்ற ஷிண்டோ தெய்வம். கூடவே பேரரசர் சுதோக்கு. 1156-இல் நடந்த ஹோகென் கலகத்தில் தோற்று இந்தப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டவர் அவர். 1164-இல் இங்கேயே இறந்தார். மறு ஆண்டு தெய்வமாகச் சேர்க்கப்பட்டார்.

1868 வரை நிலைமை வேறு. அதுவரை ஷிண்டோவும் பௌத்தமும் இங்கே ஒன்றாகக் கலந்திருந்தன; தெய்வத்தின் பெயர் கொன்பிரா தைகொங்கென். கங்கை முதலையோடு தொடர்புபடுத்தப்பட்ட கும்பீரன் என்ற இந்தியக் காவல் தெய்வம், பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய்க் கொன்பிரா ஆனது. மெய்ஜி அரசு இரண்டு மதங்களையும் பிரிக்க ஆணையிட்டபோது பௌத்த அடையாளங்கள் நீக்கப்பட்டு, கோயில் கொட்டோஹிரா-கூ ஆயிற்று. மக்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

எப்படிப் போய்ச் சேருவது?

ஒசாக்கா, கியோட்டோ பக்கமிருந்து வந்தால் ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஒகாயாமா வரை வந்து, அங்கே கோச்சி செல்லும் 'நான்பூ' விரைவு ரயிலுக்கு மாறுங்கள். ஒகாயாமாவிலிருந்து கொட்டோஹிரா சுமார் ஒரு மணி நேரம். 1988-இல் திறக்கப்பட்ட செட்டோ பெரும்பாலத்தின் மேல் ரயில் கடலைக் கடக்கும். இந்தக் கோயிலுக்குப் போகும் வழியில் அந்தக் கடலைப் பார்த்துவிட்டுப் போவது பொருத்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்பு சில நான்பூ ரயில்களோடு 'உசுஷியோ' என்ற இன்னொரு ரயிலின் பெட்டிகளும் இணைந்து வந்தன. உதாசு நிலையத்தில் இரண்டும் பிரிந்து, உசுஷியோ பெட்டிகள் தகமட்சு பக்கம் போய்விடும் வழக்கம் இருந்தது. முன்பதிவில்லாத பெட்டியில் இடம் தேடி ஏறியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இப்போதும் பெட்டியின் வெளியே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

தகமட்சுவில் தங்கியிருந்தால் தகமட்சு-சிக்கோ நிலையத்திலிருந்து கொட்டோடென் தனியார் ரயிலே எளிது. கடைசி நிலையம் கொட்டோடென்-கொட்டோஹிரா; ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். எந்த நிலையத்தில் இறங்கினாலும் படியடிவாரம் 10 முதல் 15 நிமிட நடை. பெரிய பைகளை நிலைய லாக்கரில் வைத்துவிடுங்கள். தோளில் மாட்டிக்கொண்டு ஏறலாம் என்ற எண்ணம் நூறாவது படியில் மாறிவிடும்.

படி உண்மையிலேயே 785-ஆ? எவ்வளவு நேரம் ஆகும்?

மூலக்கோயில் வரை 785. ஏறும் படிகள் 786, நடுவில் ஒரே ஒரு படி கீழே இறங்குகிறது. அதைக் கழித்துத்தான் இந்தக் கணக்கு. உச்சியிலுள்ள உள் ஆலயம் வரை மொத்தம் 1,368.

நிதானமாக ஏறினால் மூலக்கோயிலுக்கு 30 முதல் 40 நிமிடம். கும்பிட்டு, சுற்றிப் பார்த்து இறங்க ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள் ஆலயமும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். எங்கும் நிற்காமல் ஏறி இறங்கும் நேரத்தைத்தான் பல வழிகாட்டிகள் போடுகின்றன. அதை நம்பி ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டு, கடைசியில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் ஓடுகிறவர்கள் அதிகம்.

வழியில் எங்கே என்ன வரும்?

முதல் நூறு படிகளுக்கு இருபுறமும் கடைகள். சில கடைகள் மூங்கில் கைத்தடி தரும், சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சிறு கட்டணம். இறங்கி வரும்போது அதே கடையில் திருப்பித் தர வேண்டும். தண்ணீர் பாட்டிலை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

113-ஆம் படியில் ஒரு டோரி, அதாவது ஷிண்டோ கோயில்களின் நுழைவு வாயில். அங்கிருந்து பெருவாயில் வரை இடைவெளி குறைவான செங்குத்து ஏற்றம். முதலில் வேகமாக ஏறிவிட்டவர்களுக்கு மூச்சு வாங்குவது இங்கேதான்.

365-ஆம் படியில் பெருவாயில். தகமட்சு சிற்றரசர் மட்சுதைரா யோரிஷிகே 1649-இல் கட்டிக் கொடுத்தது. கோயிலின் எல்லை இங்கே தொடங்குகிறது. இதற்கு மேல் வியாபாரம் கூடாது. விதிவிலக்கு ஐந்தே குடும்பங்கள். வாயிலைத் தாண்டியதும் ஐந்து பெரிய வெள்ளைக் குடைகளின் கீழ் உட்கார்ந்து காமியோ-அமே என்ற மிட்டாய் விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு வந்த உரிமை அது. விசிறி வடிவத்தில், பளபளக்கும் மஞ்சள் தகடாக இருக்கும். பாக்கெட்டோடு ஒரு குட்டிச் சுத்தியலும் தருவார்கள். தட்டி உடைத்து, கூட வந்தவர்களோடு பகிர்ந்து சாப்பிட வேண்டும். யூசு எலுமிச்சையின் மணம் லேசாக வரும்.

அதற்குப் பிறகு சுமார் 150 மீட்டர் சமதளம். இருபுறமும் செர்ரி மரங்கள், கல் வேலி. மூச்சைச் சரிசெய்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

431-ஆம் படியருகே குதிரை லாயம், நாய்ச் சிலை, கப்பல் புரொப்பெல்லர் மூன்றும் அருகருகே. 477-இல் ஷோயின் என்ற வரவேற்பு மாளிகை. உள்ளே மருயாமா ஓக்யோ 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய கதவுச் சித்திரங்கள், அவற்றில் புகழ்பெற்றவை புலிகள். இது கட்டணம் வாங்கும் பகுதி, திறந்திருக்கும் நாட்கள் மாறும். அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 500-ஆம் படியில் காமித்சுபாக்கி என்ற உணவகம்.

628-ஆம் படியில் பெரிய மண்டபம் வருகிறதே, அதுதான் கோயிலா?

இல்லை. அது அசாஹி-ஷா. 1837-இல் கட்டி முடித்தது, சுமார் 18 மீட்டர் உயரம், இரண்டடுக்குக் கூரை, கூரையடியிலும் தூணிலும் நெருக்கமான மரச் செதுக்கல். பார்த்தவுடன் இதுதான் மூலக்கோயில் என்று தோன்றும். இங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களைப் பற்றி ஜப்பானில் கதைகளே உண்டு. இன்றும் அது நடக்கிறது.

முறை இதுதான்: ஏறும்போது அசாஹி-ஷாவைக் கடந்து போங்கள். மூலக்கோயிலில் கும்பிட்ட பிறகு, இறங்கும்போது இங்கே வந்து கும்பிடுங்கள். பாதையும் அதற்கேற்பவே பிரிந்திருக்கிறது. மேலேயிருந்து இறங்கும் வழி உங்களை நேராக இங்கே கொண்டுவந்து விடும். இதைத் தாண்டிச் சற்று ஏறியதும் கடைசி 133 படிகள். மொத்த வழியிலும் கடினமானது இதுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஏறுங்கள்.

எப்படிக் கும்பிட வேண்டும்?

டோரி வாயிலில் ஒருமுறை தலை வணங்குங்கள். பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்குரியது என்பது மரபு. ஓரமாக நடப்பது மரியாதை.

தண்ணீர்த் தொட்டியில் வலக்கையில் அகப்பையை எடுத்து ஒரே ஒருமுறை நீர் மொள்ளுங்கள். அதிலேயே எல்லாம் முடிய வேண்டும். முதலில் இடக்கை, பிறகு கை மாற்றி வலக்கை. மறுபடி வலக்கையில் பிடித்து, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளித்து, தொட்டிக்கு வெளியே துப்புங்கள். இடக்கையை மீண்டும் நனைத்து, கடைசியில் அகப்பையை நிமிர்த்தி மீதி நீர் கைப்பிடியில் வழியவிட்டு, கவிழ்த்து வையுங்கள். அகப்பையை நேராக வாயில் வைப்பதுதான் வெளிநாட்டவர் செய்யும் பெரிய தவறு. அகப்பை இல்லாமல் குழாயில் நீர் விழுந்தால் கையை மட்டும் கழுவினால் போதும்.

மண்டபத்தின் முன் தொப்பியைக் கழற்றி, உண்டியலில் காசை மெல்லப் போடுங்கள். இரண்டு முறை ஆழமாக வணங்கி, இரண்டு முறை கை தட்டி, கை கூப்பி வேண்டிக்கொண்டு, இன்னொரு முறை வணங்குங்கள். இரண்டு, இரண்டு, ஒன்று. வேண்டும்போது உங்கள் பெயர், ஊர், போகும் இடம் மூன்றையும் மனதுக்குள் சொல்வது வழக்கம். தமிழில் சொல்லுங்கள், தவறில்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை; பூசைக்காக மண்டபத்துக்குள் அழைத்தால் மட்டுமே கழற்ற வேண்டும். மண்டபத்தின் உட்புறத்தைப் படம் எடுக்காதீர்கள்.

தேங்காய், பூ, கற்பூரம் கொண்டுபோகலாமா?

வேண்டாம். வெளியாள் கொண்டுவரும் படையலை வாங்கிக்கொள்ள இங்கே ஏற்பாடு இல்லை. எல்லாம் மரக்கட்டடம் என்பதால் தீ மூட்டுவது பெரிய குற்றம். தனியாகப் பூசை செய்ய விரும்பினால் அலுவலகத்தில் படிவம் எழுதிக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, பூசாரி ஓதும் பிரார்த்தனையில் உட்காரலாம். கடற்பயணம், சாலைப் பயணம் என்று வேண்டுதலைத் தனித்தனியாகக் குறிப்பிட முடியும்.

தீட்டு பார்ப்பார்களா?

வீட்டில் இறப்பு நடந்தால் 50 நாள் ஷிண்டோ கோயிலுக்குள் போகாமல் இருப்பது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். நம் வீட்டு வழக்கமும் அதற்கு அருகில்தான் இருக்கும், அதன்படியே நடந்துகொள்ளுங்கள். மாதவிடாய் பற்றி யாரும் கேட்பதில்லை. மதம், நாடு எதுவும் தடையில்லை.

கடலோடு உள்ள உறவை எங்கே கண்ணால் பார்க்கலாம்?

படி எண்ணுவதிலேயே கவனம் போய், பலர் தவறவிடுவது இதைத்தான். மூலக்கோயில் வளாகத்தில், பிரார்த்தனை மண்டபத்திலிருந்து சற்றுத் தள்ளி எமாடென் என்ற திறந்த மண்டபம் இருக்கிறது. வேண்டுதல் பலித்தவர்களும் பலிக்க வேண்டியவர்களும் கொடுத்த மரப்பலகைகள் அங்கே அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. பழைய பலகைகளில் பாய்மரக் கப்பல் ஓவியம். பிறகு வந்தவற்றில் சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், மீன்பிடிப் படகுகளின் புகைப்படங்கள், கப்பலின் பெயரும் தேதியும் சேர்த்து. தனியாகப் பசிபிக்கைக் கடந்த ஹோரியே கெனிச்சியின் சூரியசக்திப் படகும் இங்கே இருக்கிறது; அலுமினிய டப்பாக்களை உருக்கிச் செய்த படகு. பத்து நிமிடமாவது நின்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும், இந்தக் கோயில் எதற்காக இருக்கிறது என்று இந்த மண்டபம் சொல்லிவிடும்.

கீழே 431-ஆம் படியருகே உள்ள சுமார் 6 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர், கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்று 1994-இல் காணிக்கையாகக் கொடுத்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கோயிலுக்கு வர முடியாமல் கடலிலேயே கடந்துபோகும் கப்பல்காரர்கள், காணிக்கைப் பணத்தை ஒரு மரப் பீப்பாயில் போட்டு, கோயில் பெயர் எழுதிய கொடி கட்டி, நீரில் விட்டுவிடுவார்கள். கண்டெடுக்கும் மீனவர் அதைப் படியேறிக் கொண்டுவந்து கோயிலில் சேர்ப்பார். அனுப்பியவருக்குக் கிடைக்கும் அதே அருள் சேர்த்தவருக்கும் உண்டு என்பது நம்பிக்கை. நகாஷி-தாரு என்ற இந்த வழக்கம் அடியோடு மறையவில்லை.

எந்தக் காப்பு வாங்குவது? ஊருக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது?

ஒமாமோரி என்ற துணிக் காப்புகள் மூலக்கோயில் அருகே கிடைக்கும். இங்கே பெயர் பெற்றது மஞ்சள் நிறக் காப்பு. மஞ்சள் கிழங்கின் சாயமேற்றிய பட்டு நூலால் ஆனது, 1,000 யென் அளவில். குட்டி நாய் பொம்மையோடு சேர்ந்தும் கிடைக்கும். எடோ காலத்தில் நேரில் வர முடியாதவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் பெயரும் காணிக்கையும் வழிச்செலவுக்கான பணமும் போட்ட பையைக் கட்டி, யாத்திரிகர்களோடு அனுப்புவார்கள். கீழே பார்த்த நாய்ச் சிலை அந்த நாய்களுக்கானது. கடற்பயணம், சாலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் தனிக் காப்புகளும் உண்டு. சில்லறையும் நோட்டும் கையில் வைத்திருங்கள்.

பையைத் திறந்து பார்க்கக் கூடாது. பயணப் பையிலோ கைப்பையிலோ கூடவே இருக்கட்டும். காரில் என்றால் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிடாதீர்கள். பார்வையை மறைக்கும், ஆடும்போது கவனத்தை இழுக்கும். காவலுக்கு வாங்கிய பொருளே விபத்துக்குக் காரணமாகக் கூடாது. ஓராண்டானதும் கோயிலில் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்குவது மரபு. திரும்ப வரமுடியாதவர்கள் மரியாதையாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

உள் ஆலயம் வரை போவது அவசியமா?

வேண்டுதலுக்கு மூலக்கோயில் போதும். ஆனால் கால் ஒத்துழைத்தால் போங்கள் என்றே சொல்வோம். மூலக்கோயில் 251 மீட்டர் உயரத்தில், உள் ஆலயம் 421 மீட்டரில். இடையே 583 படிகள். படிகள் இடைவெளி விட்டு வருவதால் ஏற்றம் அவ்வளவு உறைக்காது. மரநிழல், கூட்டம் மிகக் குறைவு. 923-ஆம் படியில் பேரரசர் சுதோக்குவுக்கான சிவப்பு நிற ஷிராமினே கோயில். உச்சியில் இசுதாமா கோயில். அதன் பக்கத்துப் பாறைச் சுவரைத் தலை நிமிர்த்திப் பாருங்கள், தெங்கு என்ற மலைப் பூதத்தின் முகங்கள் பதிக்கப்பட்டிருக்கும். வழியில் கடை கிடையாது. பிற்பகல் 3 மணிக்குமேல் மூலக்கோயிலை அடைந்தால் இதை விட்டுவிடுங்கள். காட்டுப் பாதையில் சீக்கிரம் இருட்டும், மேலே காப்பு தரும் இடமும் மூடிவிடும்.

அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறோம். முழங்கால் வலி. என்ன வழி?

பழைய பயணக் குறிப்புகளில் வரும் பல்லக்கை நம்பாதீர்கள். தூக்குகிறவர்களுக்கு வயதாகிவிட்டதால் 2020-இல் அந்தச் சேவை நின்றுவிட்டது. 500-ஆம் படி உணவகம் வரை டாக்சியில் போகும் பாதை ஒன்று உண்டு. தங்கும் விடுதியில் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் 285 படி மீதம். லிஃப்ட் இல்லை, சக்கர நாற்காலி போகாது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்கு ஆபத்து. தேய்ந்த கற்கள், படிக்குப் படி உயரம் வேறு, மழை பெய்தால் வழுக்கும். கைத்தடியை இறக்கத்துக்காகவே வாங்குங்கள். முடியாது என்று தோன்றினால் பெருவாயில் வரை ஏறி, சமதளத்தில் உட்கார்ந்து மலையை நோக்கிக் கும்பிடட்டும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

காலை 7, 8 மணிக்குப் படியடிவாரத்தில் இருங்கள். வெயில் ஏறாது, சுற்றுலாப் பேருந்துகள் வந்திருக்காது, மேலேயிருந்து சனுக்கி சமவெளியும் கூம்பு வடிவ ஈனோ மலையும் பனி மூட்டமில்லாத நாளில் செட்டோ பாலமும் தெரியும். செர்ரி பூக்கும் ஏப்ரல் தொடக்கமும் நவம்பரும் சிறந்தவை. ஜூலை, ஆகஸ்ட் பகலைத் தவிருங்கள். புத்தாண்டின் முதல் மூன்று நாள் படியில் வரிசை நகரவே நேரமாகும். பெருவிழா அக்டோபர் 9 முதல் 11 வரை. 10-ஆம் தேதி இரவு தெய்வத்தின் பல்லக்கு படி வழியாக ஊருக்குள் இறங்கும் ஊர்வலம்.

சைவ உணவு கிடைக்குமா?

இந்தப் பகுதி உதோன் நூடுல்ஸுக்குப் பெயர் பெற்றது. நூடுல்ஸ் வெறும் கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். ஆனால் குழம்பு இரிக்கோ என்ற சிறு உலர் மீனில் கொதிக்க வைத்தது. தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அதுவே. "மீன் துண்டு வேண்டாம்" என்று சொன்னால் மேலே தூவுவதை மட்டும் எடுப்பார்கள், சாறு மாறாது. கண்டிப்பான சைவர்கள் சாறில்லாத நூடுல்ஸும், கையோடு கொண்டுபோன சோயா சாஸோ ஊறுகாயோ வைத்துச் சமாளிப்பதே நிச்சயம்.

ஊரில் வேறு என்ன பார்க்கலாம்?

கொட்டோடென் நிலையத்தின் பக்கத்திலேயே தகாதோரோ: 1860-இல் கட்டி முடித்த, 27 மீட்டர் உயர மர விளக்குக் கோபுரம். இதன் வெளிச்சம் கடலில் போகும் கப்பல்களுக்கு எட்ட வேண்டும் என்பது நோக்கம். மலையடிவாரத்தில் 1835-இல் கட்டிய கனமாரு-சா, ஜப்பானில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கபுக்கி நாடக அரங்கு. நாடகம் இல்லாத நாளில் மேடைக்கடியில் சுழல்மேடையை ஆட்கள் தள்ளும் இடம் வரை இறங்கிப் பார்க்கலாம்.

நாங்கள் கப்பலில் போவதில்லை, விமானத்தில்தான். இங்கே வேண்டலாமா?

தாராளமாக. இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இன்று கப்பல்காரர்கள் அல்ல. விமானத்துக்கென்றே கோயில் வேண்டுமானால் கியோட்டோ மாகாணத்தின் யவாட்டா நகரில் 1915-இல் நினோமியா சூஹாச்சி நிறுவிய ஹிகோ ஜின்ஜா இருக்கிறது. பறக்கும் எந்திரம் செய்ய முயன்ற அவருக்கு அந்த எண்ணம் 1889-இல், ராணுவப் பயிற்சியின்போது, இறக்கையை அசைக்காமல் சறுக்கிப் பறந்த காகங்களைப் பார்த்து வந்தது. அந்த இடம் கொட்டோஹிராவுக்குப் பக்கத்து ஊரான மன்னோவின் மலைக்கணவாயில்தான் இருக்கிறது. கன்சாய் விமான நிலையம் வழியாகத் திரும்புகிறவர்கள் இரண்டு கோயில்களையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாம். ஆனால் ஒரே நாளில் வேண்டாம், ஒரு நாள் கொட்டோஹிராவுக்கு, மறுநாள் யவாட்டாவுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.